குடைக்குப் போடச் சொன்னாவ

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், சைனபை முதன்முதலாகப் பார்த்தேன். தாராவியில் தமிழ்வழியில் கற்பித்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். ஐந்தாம் வகுப்பைக் கடந்து போகும்போது, புதிதாக வந்திருந்த ஆசிரியை ஈர முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, கரும்பலகையில் 'குடியரசு தலைவர்' என்று எழுதுவதைக் கண்டேன். உள்ளே சென்று, சாக்குக் கட்டியை வாங்கி, இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு 'த்' எழுதினேன்.

"ஒத்தை எழுத்து கொறஞ்சா தலைவரு விழுந்துருவாவளா டீச்சர்?" என்று கேட்டார்.

"அவர் விழமாட்டார். தமிழ் விழும்," என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதன் பிறகு அவர் ஒற்று விட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

சைனபின் வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர். சைனப் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். கணவர் ஜமால் குர்லாவில் ஒரு பட்டறையில் தையற்காரர். இருவரும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. திருநெல்வேலியை அவர் இரண்டு முறைதான் பார்த்திருந்தார். ஆனால் பேச்சு முழுவதும் அந்த ஊர்ப் பேச்சாகவே இருந்தது. 'வந்தார்' என்பதை 'வந்தாவ' என்பார். 'சொன்னார்' என்பதைச் 'சொன்னாவ' என்பார். ஒருவரை மதித்துச் சொன்னாலும் அதே விகுதிதான்; பலரைக் குறித்துச் சொன்னாலும் அதே விகுதிதான். முதலில் அது என் காதுக்கு உறுத்தலாக இருந்தது. பிறகு அதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாகத் தோன்றியது.

ஐந்தாம் வகுப்புக் குடிமையியல் நூலில் குடியரசுத் தலைவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவருடைய பெயர், மாளிகை, அவர் முப்படைகளுக்கும் தலைவர் என்பது. பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஒருநாள் ஒப்பித்து முடித்த கையோடு ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அவுகளுக்கு மவன் இருக்காவளா? இல்லாட்டி அடுத்தாப்புல யாரு?" என்று கேட்டாள். இதைச் சைனப் மதிய உணவின்போது என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"ராசான்னு நெனைச்சுட்டு இருக்குதுவோ, டீச்சர். வருஷம் பூரா ஒப்பிச்சுட்டு ராசான்னே நெனைச்சுட்டு இருக்குதுவோ."

மறுநாளே பாடத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தினார். யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்.

"எங்க வாப்பாக்கு நாப்பது டீச்சர். அவுக நிக்கலாமா?" என்றான் ஒரு பையன்.

"நிக்கலாம்."

"ஏலே, ஒங்க வாப்பா மேல தோல் நாத்தம்லா அடிக்கும்!" என்றான் பின்வரிசைக்காரன்.

"சட்டத்துல நாத்தத்தைப் பத்தி ஒண்ணும் எழுதல. ஒக்காருல," என்றார் சைனப்.

அந்த ஆண்டு தொடங்கியதுதான் வகுப்புத் தேர்தல். ஒவ்வொரு ஜனவரியிலும், குடியரசு நாளுக்கு முன்னால், ஐந்தாம் வகுப்பு தனக்கென ஒரு குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். நிற்கிறவர்கள் வகுப்பின் முன் பேச வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் பேசிப் பழக வேண்டும். வென்ற பிள்ளை, "உண்மையே பேசுவேன்; ஒருவருக்கும் அஞ்சமாட்டேன்" என்று எல்லார் முன்னிலையிலும் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஜனவரி 26 அன்று கொடிமரத்தருகே ஒரு பெஞ்சின்மேல் நின்று மற்றப் பிள்ளைகளின் வணக்கத்தை ஏற்கும். உறுதிமொழியை எழுதித் தந்தவர் சைனப். ஒற்றுகளை மட்டும் நான் பார்த்தேன்.

வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறல். தெருவில் பேசுவது பம்பாய் இந்தி, வீட்டில் தமிழ். கண்ணில் படும் பலகைகளோ மராத்தியும் ஆங்கிலமும். ஆகவே பெயர்களுக்குப் பதிலாகச் சின்னங்களை வைத்தார். ஏணி, சைக்கிள், பூட்டு, குடை. பிள்ளைகள் அவற்றைச் சாக்குக் கட்டியால் சந்துகளின் தகரத் தடுப்புகளில் எல்லாம் வரைந்து தள்ளுவார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் பஞ்சாபகேசன் மாட்டுங்காவின் பிராமணக் குடியிருப்பிலிருந்து வருபவர், கெட்டவர் அல்லர். சுற்றறிக்கையில் இல்லாத எதைக் கண்டாலும் அவருக்கு நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

"இதெல்லாம் சர்க்குலர்ல இருக்கா, சைனப்?"

"இல்ல சார். புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகத்துல இருக்கறதை வாசிச்சாப் போறுமே. நடத்திக் காட்டணுமா?"

ஜமால் மனைவியைக் கேலி செய்வதில் சலிக்காதவர். பெருநாளன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனால், "வாங்க டீச்சரம்மா. நம்ம வீட்ல ராஷ்டிரபதி தயார் பண்ற ஃபேக்டரி ஓடுது. வருஷத்துக்கு ஒண்ணுதான் உற்பத்தி," என்பார்.

1968 ஜனவரியில் நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி ஹபீபா. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குக் குடைச் சின்னம் விழுந்தது. பையன்கள் உடனே சண்டைக்கு வந்தார்கள்.

"பொட்டப்புள்ள எப்படிளா ராஷ்டிரபதி ஆவும்? பதின்னா புருஷன்லா!" என்றானாம் ஏணிச் சின்னத்தில் நின்ற ஜஹாங்கீர்.

இதற்குப் பதில் தேடி சைனப் நேரே என்னிடம் வந்தார். 'பதி'யைப் பற்றி வடமொழிக்காரர்கள் கவலைப்படட்டும். நம்மிடம் 'தலைவர்' இருக்கிறது. 'தலைவன்' ஆண், 'தலைவி' பெண். 'தலைவர்' என்பதிலுள்ள 'அர்' பலர்பால் விகுதி. ஒருவரை மதிக்கும்போது அவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை என்று சொன்னேன். அவர் அதைக் கிட்டத்தட்ட அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறார்: "அபயாம்பாள் டீச்சர் சொல்லிட்டாவ, இனி எவனும் வாயத் தொறக்கப்படாது."

ஹபீபா வென்றாள். பெஞ்சின்மேல் நின்றபோது அவளுடைய பாவாடை காற்றில் பறந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வணக்கம் வைத்தாள். சந்துகளில் வரைந்திருந்த குடைகளை யாரும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஆண்டே மாநகராட்சித் தேர்தலும் வந்தது. எங்கள் வட்டாரத்தில் தோல் கடை வைத்திருந்த கரீம் பாட்சா சுயேச்சையாக நின்றார். சுயேச்சைகளுக்கென்று இருந்த சின்னங்களுள் அவருக்குக் கிடைத்தது குடை.

செய்தியைக் கேட்ட அன்று சைனப் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மாலையில் பிள்ளைகளைக் கூட்டி, சந்துகளிலிருந்த குடைகளையெல்லாம் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். ஆனால் அதற்குள் கரீம் பாட்சாவின் ஆட்கள் பெயிண்டில் வரையத் தொடங்கியிருந்தார்கள். எது யார் வரைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று காலையிலும் மாலையிலும், "குடைக்கே உங்கள் ஓட்டு" என்று தமிழில் கத்திக்கொண்டு போனது.

கரீம் பாட்சா மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். வென்ற மறுநாள் ஒரு கூடை லட்டோடு பள்ளிக்கு வந்துவிட்டார். வாசலில் பெற்றோரும் வழிப்போக்கருமாகக் கூட்டம்.

"டீச்சர், என் ஓட்டெல்லாம் ஒங்க பிள்ளையள்தான் வாங்கித் தந்துச்சு. ரெண்டு மாசம் முந்தியே குடைக்குப் பிரச்சாரம் பண்ணிட்டியளே!" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார்.

கூட்டமும் சிரித்தது. சைனப் லட்டை வாங்கவில்லை. "மொதலாளி, இப்படி வெளாட்டுக்குக்கூடச் சொல்லாதீங்க," என்றார். ஆனால் அந்த விளையாட்டுப் பேச்சு, தோற்றவர் காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மாநகராட்சிச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியை, பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு ஒரு வேட்பாளருக்கு வாக்குச் சேகரித்தார் என்று புகார் போயிற்று. அந்த ஆண்டுகளில் நகரத்தில் தென்னாட்டாரைப் பற்றிய பேச்சு நல்லவிதமாக இல்லை. ரயிலில் தமிழ்ச் செய்தித்தாளை விரிக்கவே ஆண்கள் தயங்கினார்கள். புகார் என்ற சொல்லைக் கேட்டதும் பஞ்சாபகேசன் வெளிறிப் போனார். நிரூபணமானால் வேலை போய்விடும் என்று சைனபிடம் சொன்னவர் அவர்தான்.

ஏப்ரலில் விசாரணை நடந்தது. வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் இந்தியில் கேட்பார். பஞ்சாபகேசன் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்வார். ஓர் எழுத்தர் தட்டச்சு செய்வார். சைனபை நடையில் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள்.

அந்த அறையில் நடந்ததை ஹபீபாவும் என்னிடம் சொன்னாள். பிறகு பஞ்சாபகேசனும் சொன்னார். இருவர் சொன்னதிலும் ஒரு சொல் வேறுபடவில்லை.

"உங்க டீச்சர்தானே எலெக்‌ஷன் பாடம் நடத்தினா?"

"ஆமா சார்."

"உங்காத்துல எல்லாரும் எதுக்கு ஓட்டுப் போட்டா?"

"குடைக்கு சார்."

"ஏன் குடைக்கு?"

"குடைக்குப் போடச் சொன்னாவ."

பஞ்சாபகேசன் அதை ஆங்கிலமாக்கினார்: ஆசிரியை போடச் சொன்னார். எழுத்தர் தட்டச்சு செய்தார். ஹபீபா தமிழில் கையெழுத்திட்டாள்.

மறுநாள் பள்ளி வாசலில் அந்தக் குழந்தை அழுதுகொண்டு நின்றது. "டீச்சர்தாம் சொன்னாவன்னு நான் சொல்லல டீச்சர். மைக்கு வண்டியில வந்தாவல்லா, அவுகதான் எங்க உம்மாட்டச் சொன்னாவ. சார்வாள் யாருன்னு கேக்கவேயில்ல."

நான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். 'சொன்னாவ' என்பது பலருக்கும் வரும், ஒருவருக்கும் வரும். எழுவாய் இல்லாத வாக்கியத்தில் எழுவாயைக் கேட்டுத் தெளியாமல் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொன்னேன்.

"எங்காத்துல 'சொன்னா'ன்னா பெரியவா சொன்னான்னு அர்த்தம். முன்னாடி கேட்ட கேள்வி டீச்சரைப் பத்தி. அதனால டீச்சர்னு எடுத்துண்டேன். வேணும்னு பண்ணுவேனா?"

"வேண்டுமென்று செய்ததாகச் சொல்லவில்லை. திருத்தித் தாருங்கோ என்கிறேன்."

"டைப் ஆயி, கையெழுத்தாயி, மேல போயிடுத்து. இப்போ போய், 'நான் தப்பாச் சொல்லிட்டேன்'னு சொன்னா, என்னையும் சேத்துப்பா. விகுதியை வெச்சுண்டு கேஸ் நடத்த முடியுமா, அபயாம்பாள்?"

ஆயினும் அவர் ஒரு வழி சொன்னார். இரண்டாம் முறை அழைக்கும்போது, குழந்தை தெரியாமல் உளறிவிட்டது, அது சொன்னது உண்மையில்லை என்று சைனப் ஒரு வரி சொன்னால் போதும். பத்து வயதுக் குழந்தையின் வாக்குமூலத்தைத் தள்ளிவிடுவார்கள். தாமே அதிகாரியிடம் பேசிவைப்பதாகவும் சொன்னார். அவரால் அதைச் செய்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

சைனபிடம் இதைச் சொன்னபோது நானும் உடனிருந்தேன்.

"சார், அவள பெஞ்சு மேல நிப்பாட்டி, உண்மையே பேசுவேன்னு சொல்ல வெச்சது நாந்தான். அவளும் உண்மையத்தான் பேசிருக்கா. இப்ப நானே போயி அவ பொய்க்காரின்னு சொல்லவா?"

"ஒரு பேச்சுக்குத்தானே. அந்தக் குழந்தைக்குத் தெரியவா போறது?"

"இந்தத் தாராவியில எது சார் தெரியாமப் போவும்?"

வீட்டில் ஜமாலும் கெஞ்சினார். அவருக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கி, பட்டறையில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். "சைனப்பு, ஒரு வார்த்தைதானள. ஒரே ஒரு வார்த்தை," என்றார். அன்று அவர் கேலி செய்யவில்லை.

இரண்டாம் விசாரணையில் அதிகாரி ஹபீபாவின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "இந்தக் குழந்தை பொய் சொல்கிறதா?" என்று கேட்டார். சைனப், "பிள்ளை பொய் சொல்லாது. எழுதுனதுதான் தப்பு," என்றார். பஞ்சாபகேசன் இரண்டு வாக்கியங்களையும் மொழிபெயர்த்தார். அதில் அவர்மேல் குறை சொல்ல முடியாது. முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்ட அதிகாரி, இரண்டாவதைக் கேட்டுக் கையை உயர்த்தினார். ஆசிரியையே ஒப்புக்கொண்ட பிறகு மேலே கேட்க ஒன்றுமில்லை என்றார்.

கரீம் பாட்சாவிடம் போகலாமா என்று யோசித்தோம். அவரே லேபர் கேம்ப்புக்கு வந்து வாசலில் நின்றார். "நான் ஒங்களுக்காகப் பேசுனா, 'பாத்தியா, இவனுக்குத்தான் வேலை செஞ்சிருக்கா'ன்னு அதையே சாட்சியாக்கிருவானுவ. என் வாய்தான் டீச்சர் ஒங்களக் கெடுத்துச்சு," என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமலே போனார். அவர் சொன்னது சரிதான். நானும் மேல்முறையீடு ஒன்று எழுதித் தந்தேன். எழுவாய், பயனிலை, விகுதி எல்லாவற்றையும் விளக்கி மூன்று பக்கம். குழந்தையின் வாக்குமூலத்தை ஆசிரியையே மறுக்கவில்லை என்று பதில் வந்தது.

பள்ளி திறப்பதற்கு முன்பே பணிநீக்க ஆணை வந்துவிட்டது. புதிய ஆசிரியர் வந்தார். குடியரசுத் தலைவர் பாடம் மறுபடியும் ஒன்றரைப் பக்கமாயிற்று.

ஹபீபா ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. சந்தில் பெண்கள் குழாயடியில் அவளைப் பார்த்து, "டீச்சர் சோத்துல மண்ணப் போட்டவ வாறா பாரு," என்றார்களாம். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா தோல் பர்சுகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஹபீபாவும் ஒரு பர்சை மடியில் வைத்து, தலை நிமிராமல் ஊசி கோத்தாள்.

"படிச்சு என்னத்துக்கு டீச்சர்? இன்னொருத்தி வேலையப் போக்கவா? அவ வரமாட்டா," என்றார் உம்மா. நான் திரும்பிவிட்டேன்.

சைனபை எந்தப் பள்ளியிலும் எடுக்கவில்லை. தேர்தல் குற்றம் என்ற சொல் அவருக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. டியூஷன் வைத்தார், புகாருக்கு அஞ்சிப் பெற்றோர் அனுப்பவில்லை. கடைசியில் தோல் கிடங்கொன்றில் ஆட்டு மயிர் பிரிக்கும் வேலைக்குப் போனார். தகரக் கொட்டகை, சன்னல் இல்லை, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிரிப்பார்கள், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாலும் தூசி உள்ளே போகும். குளிர்காலத்தில் இருமல் தொடங்கியது. கோடையில் சளியில் இரத்தம் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஜமாலும் நானுமாக அவரைச் சயான் மருத்துவமனையின் பொது வார்டில் சேர்த்தோம். ஜமால் வாய்விட்டுப் பேசுவதை அப்போது நிறுத்தியிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையின் பிரிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துத் தைத்துக்கொண்டிருப்பார்.

அது 1969 ஆகஸ்ட். நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்து, வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் ஒருவரது டிரான்சிஸ்டரைச் சுற்றி எப்போதும் கூட்டம். அடுத்த கட்டிலில் கோலிவாடாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணொருத்தி படுத்திருந்தாள்.

"எலெக்‌ஷன்ங்கிறாங்க, நம்மகிட்ட யாரும் ஓட்டுக் கேட்டு வரலியே?" என்றாள் அவள்.

"நாம நேரா போட முடியாது, தாயி," என்று சைனப் சொல்லத் தொடங்கினார். நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் நமக்காகப் போடுவார்கள் என்றும், முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று அவர்கள் வரிசையிட்டு எழுதுவார்கள் என்றும், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருமி இருமி விளக்கினார். நான் பேச வேண்டாம் என்று தடுத்தேன். கேட்கவில்லை.

"அப்ப நாம போட்ட ஆளு நம்மளக் கேக்காமப் போட்டா?" என்றாள் அந்தப் பெண்.

"அதாம் பெரிய கேள்வி," என்றார் சைனப். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாலை மணி அடித்து, பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் எழுந்தபோது அவர் என் முந்தானையைப் பிடித்தார். பிடியில் வலு இல்லை.

"ஹபீபா என்ன செய்யா?"

"பர்சு தைக்கிறாள். நான் போய்ப் பார்த்தேனே, சொன்னேனே."

"யார்ட்டக் கேட்டிய?"

"அவளுடைய உம்மாவிடம்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். மூச்சு வாங்கியது. ஜமால் தலையணையை நிமிர்த்தி வைத்தார்.

"உம்மாட்டக் கேக்காதீங்க, டீச்சர். அவ பக்கத்துல போய் ஒக்காந்து, ஸ்கூலுக்கு வாறியாளான்னு அவட்டயே கேளுங்க."